டர்போ வைத்த ஜென்: வழக்குக்கு முன் ஆர்சியைப் பாருங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன். அப்பா வைத்திருந்த 2003 மாடல் மாருதி ஜென், எம்பிஎஃப்ஐ பெட்ரோல் வண்டி, இப்போது என் பெயரில் இருக்கிறது. ஓசூரில் ஒரு பட்டறைக்காரர் அதற்கு டர்போ (இன்ஜின் சக்தியைக் கூட்டும் கருவி) வைத்துத் தர 1,60,000 ரூபாய் வாங்கினார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். "சிசி மாறாது, இன்ஜின் நம்பர் மாறாது, ஆர்டிஓவில் ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்றார். ஒரே மாதத்தில், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் போய்விட்டது. பிஸ்டனில் ஓட்டை. கேட்கப் போனால், "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று என் மகன் எதிரிலேயே அவமானப்படுத்தினார். வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் கேட்கலாமா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா? வின்டேஜ் வண்டியாகப் பதிந்தால் டர்போ பிரச்சினை தீரும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நகை போன வருத்தமும் பிள்ளை எதிரில் பட்ட அவமானமும் புரிகிறது. வழக்கில் அவை எடுபடாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே விஷயம்தான்: வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, டர்போ வைக்கச் சொன்னது நீங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றிதழில், உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சிசி மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் இப்போது வரும் ஆர்சி அட்டையில் சிசிக்குப் பக்கத்திலேயே குதிரைத் திறனும் இருக்கிறது. அதைக் கூட்டத்தானே டர்போ வைத்தீர்கள்? புகைக்கு அனுமதி வாங்கியதும் டர்போ இல்லாத இன்ஜினுக்குத்தான். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த உட்பிரிவு பிடிப்பது உரிமையாளரை. பட்டறைக்காரர் அதில் வரமாட்டார்.

வேலையில் குறை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது அதற்கேற்ற பெட்ரோலும் போக வேண்டும். கம்பெனி இசிஎம்மும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு அளவு பார்த்து வைத்தவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாட்டினால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது பெட்ரோல் போதாமல் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும், பிஸ்டன் உருகும். இதை ஆணையத்தில் வாதிட இடம் உண்டு. மனு எப்படிப் போடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மனுவோடு நீங்கள் தரும் பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதுவீர்கள்? "என் வண்டிக்கு டர்போ வைக்கச் சொன்னேன்" என்றுதானே? அதுவே உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பதிலிலேயே 52-ஐயும், சட்டம் தடுத்த நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவையும் எடுத்து வைப்பார். நீங்கள் பத்திரப்படுத்திய வாட்ஸ்அப் செய்திகளில், இன்னும் கொஞ்சம் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம், கூட்டச் சொல்லி நீங்கள் கேட்டது ஒன்று இருந்தால் போதும், அதைத்தான் அவர் முதலில் படிப்பார். மோசடி என்று போலீஸுக்குப் போனாலும் இதே கதிதான்.

இன்சூரன்ஸை மறந்துவிடுங்கள். இயந்திரக் கோளாறு வழக்கமான கார் பாலிசியில் விலக்கப்பட்ட விஷயம். "மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்று எழுதிக் கொடு" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சர்வேயர் பானட்டைத் திறந்து படம் எடுத்த நிமிடம் பொய்க் கிளெய்ம் ஆகிவிடும், அடுத்து டர்போவைச் சொல்லாமல் பாலிசி எடுத்த கதையும் வெளியே வரும்.

எனக்கு உண்மையான பயம் போன இன்ஜினைப் பற்றியது இல்லை. இன்ஜினைச் சரிசெய்து, டர்போவை அப்படியே விட்டு, அதே வண்டியை மறுபடி நெடுஞ்சாலையில் ஓட்டுவீர்களோ என்பதுதான். என்னிடம் வந்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டது இங்கேதான். தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையில் யாராவது குறுக்கே வந்து உயிர் போனால், மோட்டார் வாகன ஆய்வாளர் உங்கள் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார். அந்த அறிக்கை இரண்டு கோர்ட்டுக்குப் போகும். ஒன்றில் பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அலட்சியத்தால் மரணம், ஐந்து ஆண்டு வரை. மற்றொன்றில் விபத்து இழப்பீடு. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி, "முக்கியத் தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தார்" என்று மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவில் எதிர்வாதம் வைக்கும். அது எடுபட்டால், கம்பெனி குடும்பத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வரும். பர்கூர் பக்கம் ஒருவர், வண்டியில் செய்த மாற்றத்துக்காக இப்படி ஒரு உத்தரவை வாங்கி, அந்தப் பணத்தை வசூலிக்கப் போட்ட நிறைவேற்று மனுவில் நிலம் ஜப்திக்கு வந்தபோதுதான் என்னிடம் வந்தார். அந்தக் கட்டத்தில் வக்கீல் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வின்டேஜ் யோசனை செல்லாது. அதற்கு முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

சரி, என்ன செய்வது? சமாதானமாகப் போங்கள். 5 லட்சம் கனவை விடுங்கள். முதலில் கேட்க வேண்டியது பணத்தைக்கூட இல்லை, கழற்றிய ஒரிஜினல் சாமான்களை: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இசிஎம், இன்ஜெக்டர். ஜென் தயாரிப்பு 2006-லேயே நின்றுவிட்டது, இவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் திரும்பத் தேடி அலைய வேண்டும். டர்போவை அவரே எடுத்துக்கொண்டு அதன் விலையையும் கூலியில் ஒரு பகுதியையும் தரட்டும். பாதிப் பணம் வந்தாலே சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். பணம் பேங்க் வழியாக வரட்டும். டர்போ அகற்றப்பட்டு வண்டி கம்பெனி வடிவுக்கே திரும்பியது என்று பத்திரத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

பேசப் போகும்போது மகனை அழைத்துப் போகாதீர்கள். பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் நல்லது. பட்டறைக்காரர் இழுத்தடித்தால், நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு என்பது நினைவிருக்கட்டும். அப்போதும் டர்போவைக் கழற்றிய பிறகே என்னைப் போன்ற வக்கீல் ஒருவரிடம் வாருங்கள். ஆனால் எதையும் கழற்றும் முன், ஓட்டை விழுந்த பிஸ்டனையும் மாட்டிய சாமான்களையும் வெளியாள் ஒருவரை வைத்துப் படம் எடுங்கள். பிஸ்டனைத் தூக்கி எறிய வேண்டாம்.

2028-ல் ஆர்சி புதுப்பிப்புக்கு அந்த வண்டி ஆய்வாளர் முன் நின்றாக வேண்டும். அதற்குள் பானட்டுக்குக் கீழே 2003-ல் இருந்தது மட்டும் இருக்கட்டும்.