சுகர் 160இல் நிற்கிறதே, போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, நீரிழிவு இருந்ததில்லை. நியூமோனியாவால் ஐ.சி.யூ.வில் வென்டிலேற்றரில் இருந்தார். சுகர் 260க்கு ஏற, இன்சுலின் கொடுத்தார்கள். ஆனால் 160க்குக் கீழே இறக்கவில்லை. இப்போது நல்ல நினைவோடு இருக்கிறார், கைகால்களைத்தான் தூக்க முடியவில்லை. இது பாரிசவாதமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கடும் தொற்றில் உடம்பு கோர்ட்டிசோலையும் அட்ரினலினையும் கொட்டும். ஈரல் சீனியை வெளியே தள்ளும், இன்சுலினும் சரியாகப் பிடிக்காது. ஸ்டீராய்ட் கொடுத்திருந்தால் இன்னும் ஏறும். நீரிழிவு முன்பே ஒளிந்திருந்ததா என்பதை, கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை காட்டும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பழையதுதான். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது.

160 நல்ல அளவு. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், சத்திரசிகிச்சை ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு 80–110க்குள் இறுக்கிப் பிடித்தபோது இறப்பும் நரம்புப் பாதிப்பும் குறைந்தன. பலர் அதையே பின்பற்றினார்கள். 2009இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தோர் 27.5 சதவீதம், 180ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களில் 24.9. சுகர் 40க்கு இறங்கியது முன்னவர்களில் 6.8 சதவீதத்தினருக்கு, பின்னவர்களில் 0.5 சதவீதத்தினருக்குத்தான். தூக்க மருந்தில் கிடப்பவர் வியர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்லமாட்டார். மூளை பட்டினி கிடப்பது சோதித்தால்தான் தெரியும். அதனால்தான் பொதுவாக 180ஐத் தாண்டினால் இன்சுலினைத் தொடங்கி 140–180க்குள் வைக்கிறார்கள்.

50 மி.லீ. சேலைனில் 50 யூனிற் இன்சுலின் கலந்து பம்பில் ஓடவிட்டு, ஆரம்பத்தில் மணிக்கொருமுறை சோதிப்பது வழக்கம். பிசகுவது பெரும்பாலும் ஸ்கானுக்குக் கொண்டுபோகும் நேரத்தில்தான்: மூக்குக் குழாய்ச் சாப்பாடு நிற்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பிரஷர் விழுந்து, கை வீங்கியவரிடம் விரல் நுனி இரத்தமும் பிழையான அளவைக் காட்டும். நாடிக்குள் (ஆர்ட்டரி) போட்டிருக்கும் குழாயில் எடுப்பதே மேல்.

பாரிசவாதம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் விழும், வாய் கோணும். இரு பக்கமும் ஒரேயளவில் சோர்ந்து முகம் தப்பியிருந்தால், ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு வரும் நரம்பு, தசைத் தளர்ச்சியாக இருக்கலாம். தோள் முதல் பாதம் வரை ஆறு அசைவுகளை இரு பக்கமும் சோதித்துப் புள்ளியிடுவார்கள். 60க்கு 48க்குக் குறைந்தால் அதுதான். இதற்கென்று தனி மருந்து இல்லை. பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். தேற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

கேள்வி: வாட்டுக்கு மாற்றிய பிறகு தம்பிலி (செவ்விளநீர்) கொடுக்கலாமா?

பதில்: கேட்காமல் வேண்டாம். அதில் சீனியும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகம் சோர்ந்திருந்தால் பொட்டாசியம்தான் பெரிய ஆபத்து.