காடி கேள்வி-பதில்: "இது நார்மல்தான் அக்கா"

கேள்வி: அண்ணே, ஐந்து மாதத்துக்கு முன் புதுக் காடி எடுத்தேன். காலையில் பாயா தெருபோங் மேடு ஏறும்போது கியர் பாக்ஸ் குலுக்குகிறது. எண்ணெய் (ஆக்ஸிலரேட்டர்) அழுத்தினாலும் இரண்டு விநாடிக்கு இழுவையே இல்லை. பின்னால் லாரி வந்தால் உயிரே போய்விடுகிறது. நான்கு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். "இது நார்மல்தான் அக்கா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, லெமன் சட்டப்படி காடியை மாற்றித் தரச் சொல் என்கிறான். கேட்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நாம் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புதுக் காடியை வெளியே எடுக்கிறோம். அமெரிக்காவிலோ ஓயாமல் கோளாறு பண்ணும் காடிக்கே எலுமிச்சை என்றுதான் பெயர். அங்கே கனெக்டிகட் மாநிலம் 1982இல் இதற்கென்று சட்டம் போட்டது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பாடு. ஆனால் அது தம்பி ஊர்ச் சட்டம். இங்கே மலேசியாவில் வாங்கிய காடிக்கு அதைக் காட்ட முடியாது.

உங்கள் கையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் நியாயமான காலத்துக்குள் செய்து கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் காடியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. ரொம்ப நாள் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த உரிமை நழுவிவிடும். அதனால் இந்த வாரமே புகாரை எழுத்தில் கொடுங்கள்.

எழுத்தில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 22 ஆண்டுகள் நான் சர்வீஸ் சென்டர் கௌண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன். "மேட்டில் குலுக்குது" என்று நீங்கள் சொன்னதை ஜாப் ஷீட்டில் "வாடிக்கையாளர் பொதுச் சோதனை கேட்டார்" என்று எழுதியிருக்கிறேன். கீழே "கோளாறு இல்லை" என்று ஒரு வரி. பொய் என்று சொல்ல முடியாது. மத்தியானம் எஞ்சின் சூடான பிறகு சமதரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எந்தக் குலுக்கலும் தெரியாதுதான். உங்கள் நான்கு ஷீட்டையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். 'மேடு', 'குலுக்கல்' என்ற சொற்கள் எதிலுமே இல்லையென்றால், காகிதத்தைப் பொறுத்தவரை நீங்கள் நான்கு முறை டீ குடிக்கப் போய்வந்திருக்கிறீர்கள்.

அடுத்த முறை காடியை ராத்திரி அங்கேயே விட்டுவிடுங்கள். காலையில் எஞ்சின் சூடாகும் முன் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஒரு மேடு ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் என்ன நடந்தது, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாதவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் பயனீட்டாளர் தீர்ப்பாயம், அதாவது திரிபியூனல். கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். கேட்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு முன்பு 25,000. 2019இல் 50,000 ரிங்கிட் ஆக்கினார்கள். காடியின் முழு விலையைக் கேட்டால் வரம்பைத் தாண்டிவிடும் என்பதுதான் சிக்கல். பழுதுக்கும் நஷ்டத்துக்கும் கேட்க அது தாராளம். முழுப் பணமும் வேண்டுமென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தங்கச்சி. வாடகைக் கொள்முதலில் வங்கிதான் காடிக்கு உரிமையாளர். தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இழுத்துக்கொண்டு போக நோட்டீஸ் அனுப்பலாம். காடியும் போய் வழக்கும் வலுவிழக்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய காடி கைமாறி வந்தது, நாங்கள் மூன்றாவது உரிமையாளர். கோளாறான ஏர்பேக்கை மாற்றித் தரத் தயாரிப்பாளர் அனுப்பும் ரீகால் கடிதம் எதுவும் வரவில்லை. பயப்பட வேண்டுமா?
– வாசகர், பிறை

பதில்: கடிதம் முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிரானில் (காடியின் பதிவு ஆவணத்தில்) 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேசிஸ் நம்பர் இருக்கும். அதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்கின் தொல்லை, பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரில் இருக்கிறது. ஸ்டியரிங் நடுவே இருப்பது கருப்பட்டி வட்டு மாதிரி உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கூடு. உள்ளே அம்மோனியம் நைட்ரேட். பல ஆண்டுகள் சூடும் ஈரமும் பட்டால் அது கெட்டு, மோதும்போது அளவுக்கு மீறி வெடித்துக் கூட்டையே சிதறடிக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரைவிட அதற்கு மோசமான இடம் தேட வேண்டியதில்லை. 2014இல் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணி, சிறிய மோதலில், பறந்து வந்த இரும்புத் துண்டால் இறந்தார். இந்த ஏர்பேக்கால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்த முதல் மரணம் அதுதான். எண் பட்டியலில் இருந்தால் மாற்றும்வரை அந்தக் காடியை எடுக்க வேண்டாம். அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் அல்லவா?

கேள்வி: நான் வெளிப் பட்டறையில்தான் சர்வீஸ் செய்கிறேன். ரீகால் வேலைக்குக் காசு கேட்பார்களா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கேட்கக்கூடாது. தயாரித்தவர் தன் தவற்றைத் திருத்தும் வேலை அது. நீங்கள் எங்கே எண்ணெய் மாற்றினீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் காடி லிஃப்டில் ஏறியதும் யாராவது ஏர் ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்து "பாருங்கள், எவ்வளவு அழுக்கு" என்பார். பார்த்துவிட்டு, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். உங்கள் பட்டறைக்காரர் அதை மலிவாகவே மாற்றித் தருவார்.