அகழியைத் தூர்வாரும் முன்

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கப் போகிறோம். வீட்டின் மூன்று பக்கமும் அகழி. பாதி தூர்ந்து கிடக்கிறது. இடைக்காலத்தது, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்கிறார் வக்கீல். ஜேசிபி வைத்துத் தூர்வாரி மீன் விடலாமா?

பதில்: ஜேசிபியை இப்போதைக்கு வரச்சொல்லாதீர்கள். தூர்ந்த நீர்நிலையைக் கண்டால் நமக்குக் கை பரபரக்கும். ஆனால் நீங்கள் அள்ளிக் கொட்ட நினைக்கும் அந்தச் சேறுதான் அந்த இடத்தின் உயிர். நீரில் ஊறி, காற்றுப் படாமல் கிடப்பதால் மரப்பாலத்தின் கட்டைகள், தோல் செருப்பு, விதை, மகரந்தம் எல்லாம் 700 ஆண்டுகளாக மக்காமல் இருக்க வாய்ப்புண்டு. அன்று சுற்றுவட்டாரத்தில் என்ன விளைந்தது என்பதைக்கூட அந்த விதைகளிலிருந்து சொல்லலாம். இயந்திரம் ஒருமுறை அள்ளினால் அடுக்குகள் கலைந்துவிடும்; பிறகு அது வெறும் வண்டல். நீரை வடித்துக் காயவிட்டாலும் இதே கேடுதான்.

இங்கிலாந்தில் இத்தகைய அகழி மனைகள் ஏறத்தாழ 6,000 உண்டு. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. போருக்காக வெட்டியவை குறைவு; ஊரில் தன் அந்தஸ்தைக் காட்டவே பலர் வெட்டினார்கள். எல்லாமே சட்டப் பட்டியலில் இல்லை. உங்களுடையது இருக்கிறதா என்பதை இங்கிலாந்தின் தேசிய மரபுச் சின்னப் பட்டியலில் இணையத்திலேயே பார்க்கலாம். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை வரைபடத்தில் கவனியுங்கள். அகழிக்கு உள்ளே இருக்கும் மேடும் பெரும்பாலும் அதில் அடங்கும்.

பட்டியலில் இருந்தால் 1979ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் பொருந்தும். தூர்வாருவது, மண் கொட்டுவது, வேலிக்குக் கால் நடுவது, பழுதுபார்ப்பது, எதுவானாலும் முன் அனுமதி வேண்டும். மீறினால் குற்றவழக்கு. உள்ளூராட்சி தரும் கட்டட அனுமதி இதற்கு ஈடாகாது. விண்ணப்பத்தை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்னும் மரபுச் சின்னப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை. முடிவெடுப்பவர் பண்பாட்டுத் துறை அமைச்சர். மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு நடப்பதற்கும் தனி உரிமம் வேண்டும், சொந்த நிலமாக இருந்தாலும்.

மீன் யோசனையையும் தள்ளிப்போடுங்கள். இந்த அகழிகளில் கொண்டை நியூட் என்னும் நீர்ப்பல்லி வாழலாம். அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதன் முட்டையையும் குஞ்சையும் மீன் தின்றுவிடும்.

கிரயத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் வட்டார அலுவலரிடம் பேசிவிடுங்கள். எவ்வளவு சேற்றை, எந்த ஆழம் வரை எடுக்கலாம், தொல்லியலாளர் உடனிருக்க வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.