கேள்வி – பதில்: ரோட்வைலரா, கம்பத்து நாயா?

கேள்வி: செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தை ஒட்டிய தரை வீட்டில் இருக்கிறோம். மோட்டார் சைக்கிள் திருடர்கள் தொல்லை அதிகம். நல்ல பெரிய நாயாக வளர்க்க ஆசை, ஆனால் மாதம் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஒதுக்க முடியாது. ரோட்வைலர் குட்டி 600 வெள்ளி, கிரேட் டேன் குட்டி 800 வெள்ளி என்கிறார்கள். இங்கே 15 கிலோ நாய்த்தீனி மூட்டை 95 வெள்ளி. எதை வாங்கலாம்? வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது.
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இரண்டுமே வேண்டாம். குட்டியின் விலையை ஒரு தடவைதான் கொடுக்கிறீர்கள். அதற்குப் பிறகு தீனி, இதயப்புழு மாத்திரை, உண்ணி மருந்து, மயக்க ஊசி எல்லாமே நாயின் எடையை வைத்துத்தான் கணக்காகும்.

நீங்கள் சொன்ன விலைக்கே போட்டுப் பார்ப்போம். 45 கிலோ ரோட்வைலர் நாளுக்கு ஏறக்குறைய 550 கிராம் தின்னும். மாதம் 105 வெள்ளி. 60 கிலோ கிரேட் டேனுக்கு 750 கிராம், 143 வெள்ளி. உங்கள் பணம் தீனியிலேயே தீர்ந்துவிடும். 25 கிலோ நாய்க்கு 350 கிராம் போதும். 67 வெள்ளி போக 83 வெள்ளி கையில் நிற்கும். அதில் மாதாந்திர மருந்தை வாங்கிவிட்டு, மீதியை ஆண்டுத் தடுப்பூசிக்கு எடுத்து வையுங்கள். நம் ஊரில் இதயப்புழுவைப் பரப்பும் கொசு ஆண்டு முழுக்க இருப்பதால் அதற்கான மாத்திரையை ஒரு மாதம்கூட விடக்கூடாது. ஏழு மாதம் கடந்த நாய் என்றால், மாத்திரை தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை அவசியம்.

கிரேட் டேனுக்கு இன்னொரு சிக்கல். ஆழ்ந்த மார்புள்ள இனம் என்பதால் இரைப்பையில் காற்று நிறைந்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராவிட்டால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். நள்ளிரவில் ஈப்போவுக்கு ஓட வேண்டியிருக்கும், செலவும் ஆயிரக்கணக்கில் போகும். ரோட்வைலரோ, நம் நாட்டில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுள்ள இனங்களில் ஒன்று. வளர்ப்பதற்கு என்ன நிபந்தனை, உரிமம் எப்படி என்பதை முன்பணம் கொடுக்குமுன் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிடுங்கள். 'பேப்பர் இருக்கிறது' என்பார்கள். அந்தப் பேப்பர் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். இடுப்பெலும்பு நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

ஒன்றரை வயது தாண்டிய கம்பத்து நாயையோ (ஊர் நாட்டு நாய்) அல்சேஷன் கலப்பையோ தேடுங்கள். வளர்ந்த நாய் என்றால் எடையும் குணமும் கண்ணெதிரே தெரியும். பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலோ கொக்கிப்புழுவோ இருக்கலாம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். ஓடவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். முயல்போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவினால் இடுப்பில் கோளாறு இருக்கக்கூடும். திருடனை விரட்டக் குரைப்பு போதும். அதற்கு 45 கிலோ தேவையில்லை.

எந்த நாயானாலும் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடாதீர்கள். செம்பனையில் எலிக்கு வைக்கும் நச்சு மெழுகுக் கட்டியைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உடம்பில் இரத்தம் உறையவைக்கும் பொருள் தீர்ந்த பிறகுதான் சோர்வும் பல் ஈறில் இரத்தக் கசிவும் தெரியும். தின்றது தெரிந்தால் அன்றே, மருந்தின் பெயரையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்கவைக்கலாம். பிந்தினால் வாரக்கணக்கில் வைட்டமின் கே1 கொடுக்க வேண்டியதாகும்.

வீட்டு மிச்சத்தைப் போட்டுத் தீனியைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கறியில் கிடக்கும் வெங்காயம் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

கேள்வி: நான்கு மாத அல்சேஷன் குட்டிக்குக் காது நிமிரவில்லை. கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, பீடோர்

பதில்: கொடுக்காதீர்கள். பல் முளைக்கும் இந்த வயதில் நிமிர்ந்த காதே மறுபடி தொங்குவதுண்டு. ஏழாவது மாதம்வரை பொறுங்கள். பெரிய இனக் குட்டிக்கான தீனியில் கால்சியம் அளவோடு இருக்கிறது. மேலே ஏற்றினால் காதுக்கு ஒன்றும் ஆகாது, கால்தான் வளையும்.