பதில்: அணையில் தண்ணீர் ஏறியும் பச்சைப் படலம் ஏன்?

மேட்டூர் அணையில் நீர்மட்டம் ஏறிய பிறகும் பண்ணவாடிப் பக்கம் பச்சைப் படலமும் நாற்றமும் வருகிறதே, தண்ணீரைத் திறந்துவிட்டால் போய்விடுமா, மாடு குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மாட்டை முதலில் பார்ப்போம்: வேண்டாம், நாயையும் விடாதீர்கள். இது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு விடும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சந்தேகமிருந்தால் கையுறை போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி மொண்டு, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாக மிதந்தால் அநேகமாக அதுதான். அடியில் தங்கினால் வேறு பாசி.

மட்டம் ஏறுவதுதான் இங்கே சிக்கலே. தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடந்த நந்தி சிலை தெரியும் காலத்தில் அணைக்குள்ளேயே சோளம், நிலக்கடலை போடுகிறார்கள். அப்புறம் வெள்ளம் வந்ததும் போட்ட உரம், அறுக்காத பயிர், சாணம் எல்லாம் மூழ்கி அழுகும். அந்தச் சத்து பாசிக்கு விருந்து. பிறகு மட்டம் அசையாமல் வெயிலில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

திறந்துவிடுவதும் முழுத் தீர்வு இல்லை. பாசனத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் போவது நீர்ப்பரப்புக்குக் கீழே உள்ள வழிகளில். படலம் மிதப்பதோ மேலே. முழு மட்டமான 120 அடியை எட்டி, உபரிநீருக்கான 16 கண் மதகைத் திறந்தால்தான் மேல்தண்ணீர் கணிசமாக வெளியேறும். அப்போதும் காற்று ஒதுக்கிய ஓரங்களில் மிச்சம் நிற்கும்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாம் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம், பாசி செத்து வெடித்தால் உள்ளிருக்கும் நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும்.