ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃப்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஸ்டெஃபியின் பேக்ஹாண்ட் (புறங்கை முன்னால் வர அடிப்பது) சுமார்தானே? எப்படி 22 கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டம் ஜெயித்தார்?

சுமார் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். பழைய ஆட்டம் ஏதாவது கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். இடது மூலைக்கு வரும் பந்தைச் சுற்றி ஓடி, இன்னும் இடது பக்கம் ஒதுங்கி நின்று ஃபோர்ஹாண்டால் (உள்ளங்கை முன்னால் வர அடிப்பது) விளாசுவார். அப்போது வலது பக்கம் முழுக்கக் காலி. அங்கே அடித்தாலும் ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்ற தெம்பு அவருக்கு இருந்தது. சுற்றி ஓட நேரமில்லையென்றால் பேக்ஹாண்டில் ஸ்லைஸ், அதாவது பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அடிப்பது. பந்து தரையோடு தரையாக வழுக்கிப் போகும், எதிராளி குனிந்து தூக்கித்தான் அடிக்க வேண்டும். தூக்கிய பந்து ஃபோர்ஹாண்டுக்குத் தீனி! புல்தரையில் பந்து இன்னும் தாழ்ந்து போகும். புல்தரையில் நடக்கும் விம்பிள்டனில் மட்டும் 7 பட்டம் சும்மாவா வந்தது?

கேள்வி: 'கோல்டன் ஸ்லாம்' என்றால் என்ன?

ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களோடு ஒலிம்பிக் தங்கமும். ஸ்டெஃபி 1988இல் செய்தார், அப்போது வயது 19. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் இறுதியில் நடாஷா ஸ்வெரெவாவை 6-0, 6-0 என்று துடைத்தெடுத்தார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

கேள்வி: மோனிகா செலஸ் கத்தியால் குத்தப்படாமல் இருந்திருந்தால்?

இது வராத வாரமே இல்லை. 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செலஸை, அதாவது ஸ்டெஃபியின் முக்கியப் போட்டியாளரை, முதுகில் குத்தியவன் ஸ்டெஃபியின் வெறி ரசிகன். அதற்கு முன் ஸ்டெஃபியிடம் 11 பட்டங்கள், பின்னால் 11. சரிபாதி. செலஸ் இருந்திருந்தால் பின்பாதியில் சில கைமாறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், குறிப்பாகக் களிமண் தரையில். ஆனால் 1992 விம்பிள்டன் இறுதியில் செலஸ் உச்சத்தில் இருந்தபோதே ஸ்டெஃபி 6-2, 6-1 என்று ஜெயித்ததையும் மறக்கக் கூடாது. குத்தியவன் செய்த பாவத்தை ஸ்டெஃபி கணக்கில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: ஓய்வு பெற்றபோது தரவரிசையில் எங்கே இருந்தார்?

மூன்றாவது இடத்தில். 1999 ஜூனில் பிரெஞ்சு ஓபனில் மார்ட்டினா ஹிங்கிஸை வென்று பட்டம், ஜூலையில் விம்பிள்டன் இறுதியில் லிண்ட்சே டேவன்போர்ட்டிடம் தோல்வி, ஆகஸ்டில் 'போதும்' என்று மட்டையை வைத்துவிட்டார்.