டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் காரணம் தெரிந்துவிடுமா?

கேள்வி: வயது 44. ஏழெட்டு மாதமாக உறவின்போது விறைப்பு பாதியிலேயே போய்விடுகிறது. நேராக டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடு, காரணம் தெரிந்துவிடும் என்கிறார் நண்பர். எடுக்கலாமா?

பதில்: டாப்ளர் என்பது உறுப்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். அது இப்போதே வேண்டாம். முதலில் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா, பிரச்சினை திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா என்று கேட்பார். காலையில் நன்றாக இருந்து, உறவின்போது மட்டும் போகிறது என்றால் பதற்றம், மனஅழுத்தம் பக்கம் சந்தேகம் போகும். புகை, மது, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள், ஏனென்றால் சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூட இதைக் கொண்டுவரும்.

அப்புறம் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு. இவற்றைத் தயவுசெய்து சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது 3 முதல் 4, அதனால் அடைப்பின் பாதிப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும், நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே. உங்கள் வயதில் இந்தப் பரிசோதனைகளை நான் வற்புறுத்துவதே இதற்காகத்தான்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்குக் காலையில், முடிந்தால் 10 மணிக்குள், ரத்தம் கொடுங்கள். மாலையில் அளவு இயல்பாகவே குறைந்திருக்கும், அதைப் பார்த்துப் பயந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் உண்டு. குறைவாக வந்தாலும் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்த பிறகே முடிவு. அதிலும் குறைவென்றால் புரோலாக்டின் மாதிரி இன்னும் சில ஹார்மோன்களைப் பார்ப்பார்கள்.

சரி, டாப்ளர் யாருக்கு? விறைப்புக்கான மாத்திரை பலன் தராதவர்களுக்கு, இடுப்பில் அடிபட்டவர்களுக்கு, அறுவை சிகிச்சையை யோசிப்பவர்களுக்கு. உறுப்பில் ஊசி போட்டு விறைப்பு வரவழைத்து ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளப்பார்கள். அந்த இடத்தில் பதற்றமாக இருந்தாலே விறைப்பு சரியாக வராது, நல்ல குழாயும் கெட்டதுபோலத் தெரியலாம். ஊசிக்குப் பிறகு விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்வரை கடையில் நீங்களாக விறைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.